மாடிப்படிக்குக் கீழே முட்டைக் கடை

லீட்ஸ்,
1894 பிப்ரவரி 19

அன்புள்ள ஆமோஸுக்கு,

லிவர்பூலில் கப்பல் ஏறும் முன் நீங்கள் போட்ட நாலு வரி வந்து சேர்ந்தது. கடல் உங்களை ரொம்பப் படுத்தவில்லை என்று நம்புகிறேன். கம்பளிக் கழுத்துத்துணியைக் கதவு ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு அவசரமாகக் கிளம்பினீர்கள் என்று புரிந்தது.

நீங்கள் போன மறுநாள் காலை சுகாதார அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். நம் கடைக் கொக்கியில் தொங்கிய பாதி மாட்டை இறக்கி, யாரும் தின்னாதபடி அதன் மேல் கார்பாலிக் மருந்தை ஊற்றி, கைவண்டியில் வைத்தார்கள். நம் கசாப்பு வரிசைக்குப் பின்னாலேயே தெருவுக்கு ஒரு கதவு இருக்கிறது. அதன் வழியாகக் கொண்டுபோயிருக்கலாம். போகவில்லை. சந்தை மண்டபத்தின் நட்ட நடுவே, பூக்காரிகளைத் தாண்டி, கடிகாரத்தைச் சுற்றி, மேல் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். வெண்ணெய்க்காரர்கள், பழக்காரர்கள், மாடத்தில் பழைய பூட்ஸ் விற்கிறவர்கள் எல்லோரும் கம்பிக்கு வந்து நின்று பார்த்தார்கள். சந்தையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

அந்த மாட்டை வாங்கித் தின்ற ஏழு வீட்டில் காய்ச்சலும் வாந்தியும். ஆறு வீட்டில் தேறிவிட்டார்கள். மேல் மாடத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிற மார்த்தா தாக்ரேயின் மகள் லில்லி புதன்கிழமை இறந்துவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. சாயங்காலங்களில் நம் கடைக்கு வந்து மரத்தூளில் செருப்பால் வட்டம் போடுவாளே, அந்தப் பிள்ளைதான்.

அடக்கத்துக்குப் போனேன். சிற்றாலயத்தில் கடைசிப் பலகையில் உட்கார்ந்தேன். அந்தப் பலகையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை.

நல்ல மாடு என்று நம்பித்தான் வாங்கினேன், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறேன். கேட்கிறவர்கள் குறைவு. உங்கள் பேருக்கு வாரண்ட் இருக்கிறது. அதனால் உறையின் மேல் உங்கள் முகவரியை எழுதாதீர்கள்.

குளிரில் வெறும் கழுத்தோடு நடக்காதீர்கள்.

உங்கள் பிரியமுள்ள மனைவி,
ஹன்னா


சிகாகோ,
மார்ச் 14

என் கண்ணே ஹன்னா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். லில்லியைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் ஒரே தரம்.

கடலில் பாதி நாள் வாளிக்கு மேல் குனிந்தபடி கிடந்தேன். அதை விடு. இப்போது என் சித்தப்பா மகன் ஜோனாஸ் வீட்டில் இருக்கிறேன். வந்த மூன்றாம் நாளே மாடு அறுக்கும் கொட்டடிகளில் வேலை கிடைத்துவிட்டது. கொட்டடி என்றால் நம் ஊர் மாதிரி இல்லை. நம் சந்தையைப் போல் இருபதை உள்ளே வைத்துப் பூட்டலாம். ஆனால் இங்கே யாரும் கசாப்புக்காரன் இல்லை, ஹன்னா. ஒருத்தன் காதை அறுக்கிறான், அடுத்தவன் தோலை இழுக்கிறான். எனக்கு முதுகுத்தண்டில் ஒரு வெட்டு. காலையிலிருந்து மாலைவரை அதே ஒரு வெட்டு. இறைச்சியை யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கக்கூட வழியில்லை. "என்ன ஆமோஸ், இன்னிக்கு உன் மூஞ்சி மாதிரியே கறியும் செவப்பா இருக்கே" என்று ஒரு கிழவியாவது வந்து வம்பிழுக்க மாட்டாளா என்று இருக்கிறது.

அந்த மாட்டுத் தரகனைப் பிடித்து உள்ளே போடாமல் என்னைத் தேடுகிறார்கள் பார், அதுதான் நியாயமா? உன் கையில் இருப்பது வரிசையில் முதல் கடை. அதை மட்டும் விட்டுவிடாதே. நம் வரிசைக் கசாப்புக்காரன் ஈனக் ஸக்டன் பத்து வருஷமாக அதன் மேல் கண் வைத்திருக்கிறான். ஜனங்களுக்கு ஞாபகம் குறைவு. ஈஸ்டர் வரட்டும், எல்லோரும் திரும்பி வருவார்கள்.

இங்கே பனி இடுப்பு வரைக்கும் இருக்கிறது. கழுத்துத்துணிக்கு ஏங்குகிறேன்.

உன்னுடைய,
ஆமோஸ்


லீட்ஸ்,
ஏப்ரல் 8

அன்புள்ள ஆமோஸுக்கு,

கழுத்துத்துணியைத் துவைத்து இந்தப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பார்கின் இஞ்சிக் கேக்கும் வைத்திருக்கிறேன். கெட்டியாகிப் போயிருந்தால் தேநீரில் நனைத்துச் சாப்பிடுங்கள்.

ஈஸ்டர் வந்து போய்விட்டது. யாரும் வரவில்லை. ஆட்டுக்கறியாவது போகும் என்று இரண்டு ஆடு எடுத்துத் தொங்கவிட்டேன். நம் கடை வரிசையின் முதல் கடை என்பதால் எல்லோரும் அதைத் தாண்டித்தானே போகவேண்டும்? போகிறார்கள். நம் கடைக்கு முன்னால் வரும்போது எதிர்ச் சுவரை ஒட்டி நடக்கிறார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள்.

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் நாளே ஈனக் ஸக்டன் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஹன்னா, ஒம்மேல எங்களுக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா மேல பலகையில அவன் பேரு இருக்கு. அதைப் பாத்துட்டு சனங்க இந்த வரிசைப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டேங்குது. பதினோரு கடை. பதினோரு பேருக்கும் பொழப்பு போவுது."

"பலகையக் கழட்டிடட்டுமா?" என்றேன்.

"பலகையக் கழட்டினா எல்லாரும் மறந்துடுவாங்களா?" என்றார். சொன்னது அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். அப்புறம் கொஞ்ச நேரம் நம் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். நானே சந்தை மேற்பார்வையாளர் ஹெப்வொர்த்திடம் போய் வேறு இடம் கேட்டேன். "காலியா இருக்கறது ஒண்ணே ஒண்ணு, கீழ் வாசல்ல, மீன் விக்கற பக்கம், மாடிப்படிக்கு அடியில. மேல நடக்கறவங்க தூசி உன் தலையிலதான் விழும். கீழ மீன் கழுவுற தண்ணி ஓடும். பட்டப்பகல்லயும் விளக்கு வேணும். வேணுமா?" என்றார். வேணும் என்றேன். முதல் கடை ஈனக்குக்குப் போய்விட்டது. அவர் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

இனி இறைச்சியைத் தொட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். முட்டை விற்கிறேன். ஓட்லியிலிருந்து வாரம் இரண்டு தரம் வண்டி வருகிறது. ஒரு பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே மெழுகுவத்தி வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு முட்டையையும் ஓட்டையில் வைத்துக் காட்டுகிறேன். நல்லது என்றால் ஆரஞ்சு வெளிச்சம் தெளிவாகத் தெரியும். கெட்டது கறுப்பாக நிற்கும். மற்ற முட்டைக்காரர்கள் டஜனுக்கு ஒன்றைப் பார்ப்பார்கள். நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். என்னிடம் வாங்குகிறவர்கள் என் வார்த்தையை நம்ப வேண்டியதில்லை, தங்கள் கண்ணை நம்பினால் போதும்.

பக்கத்துக் கடை ஜில்லா பெர்ஸ்டோவைத் தெரியுமல்லவா, ஹாடாக் மீன் விற்கிறவள்? முதல் நாளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாடி வா. நல்ல எடம் பாத்துத்தான் வந்திருக்கே. என் நாத்தத்துல ஒன் நாத்தம் எவனுக்குத் தெரியப் போவுது?" என்றாள். ஆமோஸ், இரண்டு மாதத்தில் அன்றுதான் நான் சிரித்தேன். சிரித்துவிட்டு முட்டைக் கூடைக்குப் பின்னால் குனிந்து அழுதேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி இரும்பு. மேலே யார் ஏறினாலும் எனக்குக் கேட்கும். பழகிவிட்டதால் இப்போது காலடியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். மார்த்தா பெரும்பாலும் மறுபக்கத்துப் படி வழியாகத்தான் போய்வருகிறாள். ஒன்றிரண்டு நாள் தவறி இந்தப் பக்கம் வந்துவிடுவாள். கீழே நான் இருக்கிறேன் என்று பாதியில் நினைவு வந்ததும் நிற்பாள். பிறகு வேகமாக ஏறுவாள்.

வீட்டில் இரண்டு பேருக்கு உருளைக்கிழங்கு சீவும் பழக்கம் இன்னும் போகவில்லை.

உங்கள்,
ஹன்னா


சிகாகோ,
மே 6

என் ஹன்னா,

முட்டையா! நம் கிரௌதர் வீட்டு மருமகள் மீன்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை விற்கிறாளா! என் அப்பா இருந்திருந்தால் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார், ஹெப்வொர்த்தை நாலு துண்டாகப் போட. கோபப்படவில்லை, கண்ணே. விளையாட்டுக்குச் சொல்கிறேன். முதல் கடை போனது என்று படித்தபோது மட்டும் ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

போகட்டும். எல்லாம் நல்லதுக்குத்தான். இனி உன்னை அங்கே கட்டிவைக்க ஒன்றுமில்லை. ஜோனாஸ் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இரண்டு அறை பிடித்திருக்கிறேன். ஜன்னலில் நல்ல வெயில் வருகிறது. வீட்டுக்காரி போலந்துக்காரி, சத்தமாகப் பேசுவாள், மனசு தங்கம். முட்டைக்கோஸ் சூப்பை வைத்துக்கொண்டு தினமும் கதவைத் தட்டுகிறாள். "உன் பொண்டாட்டி எங்க, உன் பொண்டாட்டி எங்க" என்று சைகையிலேயே கேட்கிறாள். வருவாள் என்று நானும் சைகையிலேயே சொல்கிறேன்.

இதோடு கப்பல் டிக்கெட் இருக்கிறது. ஜூலை கடைசியில் கிளம்பும் கப்பல். கட்டிலையும் அலமாரியையும் விற்றுவிடு. உன் அம்மாவின் கடிகாரத்தை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவா. இங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது, ஹன்னா. தெருவில் நடந்தால் ஒருத்தன் திரும்பிப் பார்க்கமாட்டான். அதுவே எவ்வளவு நிம்மதி என்று நீ வந்தால் தெரியும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் அந்த நிம்மதி கொஞ்சம் அதிகமாகிப் போகிறது.

கழுத்துத்துணி வந்தது. உன் சோப்பு வாசனை அதில் இருந்தது.

உனக்காகக் காத்திருக்கும்,
ஆமோஸ்


லீட்ஸ்,
ஜூன் 10

ஆமோஸுக்கு,

டிக்கெட் வந்தது. அலமாரிக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டேன். பெட்டியில் வைக்க வேண்டிய துணிகளைக் கட்டிலின் மேல் எடுத்து வைத்தேன். அவை இன்னும் கட்டிலின் மேலேயே இருக்கின்றன. நான் நாற்காலியில் தூங்குகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

நான் கிளம்பப் போகிறேன் என்று ஜில்லாவிடம் சொன்னேன். அவளுக்கு வருத்தம். வருத்தம் வந்தால் அவள் கேலி பேசுவாள். "போடி போ, அங்க போயாவது மீன் திங்கக் கத்துக்கோ. கசாப்புக்காரன் பொண்டாட்டி, இத்தன வருஷத்துல ஒரே ஒருவாட்டிதான் எங்கிட்ட மீன் வாங்கியிருக்கே. அதுவும் எப்போ? சனிக்கிழமை சாயங்காலம்! ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு! 'என்னடி, வீட்டுல தொங்குற மாடு என்னாச்சு?'ன்னு கேட்டேன். 'அவருதான் இன்னிக்கு மீனு வாங்கச் சொன்னாரு'ன்னே. 'பாத்துக்கோ, அடுத்த வாரம் அவன் என் கடையில வேலைக்கி வந்துடுவான்'னு சிரிச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். கையில் மீன் வெட்டும் கத்தி அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "நான் ஒண்ணும் சொல்லலடி" என்று மெதுவாகச் சொன்னாள்.

அது எந்தச் சனிக்கிழமை என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஏழு வீட்டுக்காரர்களும் நம்மிடம் கறி வாங்கிப்போன நாள்.

நமக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். ஞாயிற்றுக்கிழமை நம் மேசையில் மாட்டிறைச்சி இல்லாமல் இருந்ததே இல்லை. நான் காய்ச்சலாய்க் கிடந்தபோதுகூட நீங்களே அடுப்பில் வைத்தீர்கள். அன்றைக்கு மட்டும் கடைக்கு வெளியே வந்து, என் கையைப் பிடித்து, "நமக்கு இந்த வாரம் மாடு வேணாம். கீழ் வாசல்ல நல்ல ஹாடாக் வந்திருக்கு, அத வாங்கிக்கோ" என்றீர்கள். நாக்குக்கு மாறுதல் தேடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கையைக்கூட அன்பாகத்தான் பிடித்திருந்தீர்கள். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஆமோஸ், ஒரே ஒரு கேள்வி. ஏன் மீன் வாங்கச் சொன்னீர்கள்?

நான் தவறாக நினைத்திருந்தால் திட்டி எழுதுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். சந்தோஷமாகக் கப்பல் ஏறுகிறேன்.

ஹன்னா


சிகாகோ,
ஜூலை 6

அன்பு ஹன்னா,

இங்கே பயங்கர வெயில். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். வண்டி ஓடாததால் மாடு வரவில்லை, மாடு வராததால் எங்களுக்கும் வேலையில்லை. தெருவில் சிப்பாய்கள் நடமாடுகிறார்கள். நாள் முழுக்க அறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். உனக்காக ஒரு அலமாரி செய்துகொண்டிருக்கிறேன். பழைய பெட்டிப் பலகைதான், இழைத்துவிட்டால் தெரியாது. மேல் தட்டு உன் உயரத்துக்கு எட்டுமா என்று அடிக்கடி கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரியின் பெண்ணுக்குப் போன ஞாயிறு கல்யாணம். என்னையும் ஆடச் சொன்னார்கள். உன் நினைவு வந்து பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

நீ ஏதேதோ கேட்டு எழுதியிருக்கிறாய். தனியாக இருந்தால் மனசு எதையாவது போட்டுக் கிளறத்தான் செய்யும். மீன்காரிகளின் வாய்க்கு எல்லை ஏது? இதெல்லாம் கடிதத்தில் பேசுகிற விஷயமில்லை. நேரில் வா, உட்கார்ந்து பேசுவோம். நீ பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கப்பல் இருபத்தெட்டாம் தேதி. மறந்துவிடாதே. நியூயார்க்கில் ஜோனாஸின் மைத்துனன் வந்து நிற்பான். சிவப்புத் தாடி.

உன்னுடைய என்றும்,
ஆமோஸ்


லீட்ஸ்,
ஆகஸ்டு 26

ஆமோஸுக்கு,

கப்பல் போய்விட்டது. சிவப்புத் தாடிக்காரர் வீணாகக் காத்திருந்திருப்பார். அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். டிக்கெட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் மேலே போனேன். மாடத்துக்கு, மார்த்தாவின் கடைக்கு. என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்த எதுவும் அங்கே போனதும் வரவில்லை. வெள்ளைக் கோப்பைகளை அவள் ஒவ்வொன்றாக விரலால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"மார்த்தா, அவருக்குத் தெரியும்," என்றேன். "மாடு நோய் மாடுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் எல்லார்கிட்டயும் அவருக்காகப் பேசிட்டேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவனுக்குத் தெரியும்னு லில்லி போன அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றாள். "அவன் பேசிக்கிட்டேதான் வெட்டுவான். அந்தச் சனிக்கிழமை பேசல. வெட்டிக் குடுத்துட்டு, 'லில்லிக்கு'ன்னு ஒரு துண்டு கூடப் போட்டான். காசு வாங்கிக்கல. நானும் நல்ல மனுசன்னு நெனச்சேன்."

அவளே ஒரு வைக்கோல் பெட்டியைத் தள்ளினாள். உட்கார்ந்தேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து சூப்புக் கிண்ணம் கேட்டார். அவள் வியாபாரத்தைப் பார்த்தாள். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தேன்.

இப்போது அவள் இந்தப் படியிலேயே ஏறி இறங்குகிறாள். என்னைப் பார்ப்பதில்லை. நானும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஆனால் பாதியில் நிற்பதில்லை.

கடைக்குப் பலகை எழுதியாயிற்று. ஹன்னா மிட்ஜ்லி, முட்டை என்று போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெயர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் கேட்கவில்லை. வாடிக்கை சேர்கிறது. ஜில்லா மத்தியானத்தில் ஒரு கோப்பைத் தேநீரை என் பக்கம் தள்ளிவைக்கிறாள். மற்றபடி நாள் முழுக்க இத்தனை ஆயிரம் பேர் நடுவில் இருக்கிறேன், சாயங்கால மணி அடித்ததும் அத்தனை பேரும் நாலு வாசலிலும் கரைந்துபோகிறார்கள். பிறகு வீட்டுக்கு நடந்து போகிறேன். இப்போது உருளைக்கிழங்கு ஒருவருக்குத்தான் சீவுகிறேன்.

நீங்கள் அலமாரி செய்கிறேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு உங்கள் மேல் ஆசையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். நேரில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் வரவேண்டியது நான் இல்லை.

வாருங்கள் ஆமோஸ். சிறைக்குப் பயப்படாதீர்கள். எத்தனை மாதம் போட்டாலும் நான் உள்ளே உங்களுக்குத் துணி கொண்டுவருவேன், வெளியே வரும்போது வாசலில் நிற்பேன். போலீஸ் நிலையத்துக்குப் போகும் முன்னால் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். கசாப்பு வரிசைப் பக்கம் வராதீர்கள், பின் கதவு வழியாகவும் வராதீர்கள். மேல் வாசல் வழியாக உள்ளே வாருங்கள். கடிகாரத்தைத் தாண்டி, பூக்காரிகளைத் தாண்டி, நடுவழியாகவே நடந்து வந்து, என் தலைக்கு மேலே இருக்கிற இந்தப் படியில் ஏறுங்கள். மார்த்தாவின் முன்னால் போய் நில்லுங்கள். அவளிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ கேளுங்கள்.

அப்புறம் இறங்கி வாருங்கள். நான் கீழேதான் இருப்பேன்.

ஹன்னா


சிகாகோ,
அக்டோபர் 21

ஹன்னா,

இந்தக் கடிதத்தைப் பல தரம் எழுதிக் கிழித்தாயிற்று.

கப்பலுக்குப் பணம் இருந்தது. ஒரு நாள் ரயில் நிலையம் வரைக்கும் போனேன். பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, நீ சொன்ன வழியிலேயே நடந்து பார்த்தேன். மேல் வாசல் வந்தது. கடிகாரம் வந்தது. பூக்காரிகள் வந்தார்கள். ஈரத் தரை, ஜில்லாவின் குரல், உன் விளக்கு, எல்லாம் வந்தது. படியின் கைப்பிடிக் கம்பியில் கை வைத்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது.

என்னால் ஏற முடியவில்லை, ஹன்னா. ரயில் போய்விட்டது. நான் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். மாட்டைக் கீறியதுமே தெரிந்தது. ஈரல் முழுக்க வெள்ளைக் கட்டிகள். அரை விலைக்கு வாங்கியிருந்தேன், தூக்கிப்போட மனசு வரவில்லை. நன்றாக வேகவைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே போய் உன்னை மீன் வாங்கச் சொன்னேன். உனக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்ற ஒன்றுதான் அன்று முழுக்க எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மார்த்தாவிடம் இதைக் காட்ட வேண்டுமா என்று நீயே பார்த்துக்கொள். போலீஸிடம் காட்டினாலும் சரி.

அலமாரியை வீட்டுக்காரியின் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். மேல் தட்டு அவளுக்கு எட்டவில்லை, ஒரு முக்காலி போட்டுக்கொண்டாள்.

இனி நான் எழுதமாட்டேன். என் கடிதம் வரும் என்று நீ தபால்காரனை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். ஜில்லாவிடம் சொல், குளிர்காலத்தில் அந்தக் கீழ் வாசலில் காற்று நேராக உன் முதுகில் அடிக்கும், கோணியாவது கட்டித் தொங்கவிடச் சொல்.

ஆமோஸ்